நோயாளியைக் கேட்டீர்களா?

பெருமானார் (ஸல்) அவர்கள் இறுதி நோயில் படுத்திருந்தபோது நிகழ்ந்த ஒரு சம்பவத்தை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் அது பதிவாகியிருக்கிறது. நோயின் கடுமையில் இருந்த நாயகம் (ஸல்) அவர்களின் வாயோரத்தில் வீட்டார் ஒரு மருந்தைப் புகட்டினார்கள். வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சைகை காட்டினார்கள். சுற்றியிருந்தவர்களோ, நோயாளி என்றால் மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணிப் புகட்டியே விட்டார்கள். சற்றுத் தெளிவு வந்ததும், தாம் தடுத்தும் ஏன் கொடுத்தீர்கள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பிறகு அவ்வீட்டில் இருந்த ஒவ்வொருவர் வாயிலும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள். அந்த வேளையில் உடன் இல்லாத அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒருவர் மட்டுமே தப்பினார்கள்.

இந்த ஹதீதை மருந்தின் குணம் பற்றிய ஆராய்ச்சிக்காகப் படிப்பவர்கள் உண்டு. அதிலுள்ள வீட்டாரின் எண்ணத்தைக் கவனித்துப் பாருங்கள். மருந்தென்றால் நோயாளிக்குப் பிடிக்காது, ஆகவே அவர் மறுப்பதைப் பொருட்படுத்த வேண்டாம் என்ற அந்த எண்ணம் இன்றும் நம் வீடுகளில் அப்படியே இருக்கிறது. அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். அன்றும் அன்பினால்தான் செய்தார்கள். அன்பு இருந்ததனால் கேள்வி கேட்கப்படாமல் போகவில்லை.

காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் இதைச் சொன்னால் ஒப்புக்கொள்பவர்கள், மனத்தைத் தாக்கும் நோய் என்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். புத்தி சரியில்லாதவரிடம் போய் என்ன விருப்பத்தைக் கேட்பது என்பார்கள். இந்தக் கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆகவே ஒரே ஒரு நோயை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம்.

முன்பு 'மேனிக் டிப்ரெஷன்' என்றும், இப்பொழுது 'பைபோலார்' என்றும் டாக்டர்கள் சொல்லும் இருமுனை மனநோய் அது. உலகில் சுமார் 4 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டுக்குக் கணக்கிட்டது. இந்நோய் உள்ளவருக்குச் சில வாரங்களோ மாதங்களோ மனம் ஒரேயடியாக மேலேறும். உறக்கம் தேவைப்படாது. பேச்சு நிற்காது. பெரிய பெரிய திட்டங்கள் பிறக்கும். கையில் இருப்பதும் இல்லாததும் செலவாகும். பிறகு மனம் கீழே இறங்கும். படுக்கையை விட்டு எழ முடியாது. குளிப்பதும் உண்பதும்கூட மலையைப் பெயர்ப்பது போலாகிவிடும். சாவைப் பற்றிய நினைவு வரும். இந்த இரண்டுக்கும் நடுவே நீண்ட காலம், பலருக்கு ஆண்டுக்கணக்கில், அவர் உங்களையும் என்னையும் போல்தான் இருப்பார். கடையைத் திறப்பார், கணக்குப் பார்ப்பார், ஜமாஅத்தோடு தொழுவார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார்.

இந்த நடுக்காலத்தைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். ஒரு தடவை வேகம் ஏறியவரை ஊர் ஆயுள் முழுவதும் பைத்தியம் என்றே அழைக்கிறது. நமது ஃபிக்ஹு நூல்கள் அப்படிச் செய்யவில்லை. விட்டு விட்டு வரும் பித்துக்கும் இடைவிடாத பித்துக்கும் அவை வேறுபாடு காட்டுகின்றன. தெளிந்திருக்கும் நேரத்துக்கு 'இஃபாகா' என்று பெயரிட்டு, அந்நேரத்தில் அவர் செய்யும் கொடுக்கல் வாங்கலும் நிகாஹும் செல்லும் என்கின்றன. பித்துக் காலத்தில் அவர் சொத்தின் மீது ஏற்படும் தடை, தெளிந்ததும் தானாகவே நீங்கிவிடும், காஜியின் தீர்ப்புக்கூட அதற்குத் தேவையில்லை என்று ஷாஃபிஈ இமாமவர்களின் மத்ஹபில் எழுதி வைத்திருக்கிறார்கள். தூங்குபவர், சிறுவர், பித்தர் ஆகிய மூவரை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளதாக வரும் ஹதீதிலும், பித்தருக்குத் தெளியும் வரை என்ற எல்லை சேர்ந்தே வருகிறது. தெளிந்தபின் எழுதுகோல் மீண்டும் இறங்கிவிடும். தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மறுபடி அவர் பொறுப்பில் வந்து நிற்கும். அல்லாஹ்வின் முன்னிலையில் பொறுப்பாளி என்று நாம் ஒப்புக்கொள்ளும் ஒருவரை, ஒரு மாத்திரையைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தகுதியற்றவர் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

எனவே, இந்நோய் உள்ளவருக்கு விருப்பம் என்று ஒன்று உண்டா என்று கேட்பதில் பயனில்லை. மேலேறியபோது ஒன்று, கீழே விழுந்தபோது ஒன்று, தெளிந்தபோது ஒன்று என அவருக்கு மூன்று விருப்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் எது அவருடையது என்பதே வழக்கு.

தெளிந்தபோது சொல்வதே அவருடையது என்று உடனே பதில் சொல்லிவிடலாம். பெரும்பாலும் அது சரியான பதிலும்தான். ஆனால் அதைச் செயலில் காட்டுவதற்கு, தெளிந்திருக்கும்போது அவரிடம் கேட்டிருக்க வேண்டும் அல்லவா? நாமோ வேகம் ஏறிய இரவில்தான் வைத்தியத்தைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். நால்வர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் ஆட்டோ பிடிக்க ஓட, அந்தக் கூச்சலில் அவர் சொல்லும் 'வேண்டாம்' எதற்கும் உதவாது. அவர் அமைதியாகத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆறு மாதமும், "அந்தப் பேச்சை எடுத்தால் வாப்பா மனம் நோகும்" என்று வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

கேட்டால் அவர் என்ன சொல்வார்? இங்கே இன்னொரு ஹதீது நினைவுக்கு வருகிறது. அதுவும் புகாரியில் உள்ளதே. வலிப்பு நோயால் துன்பப்பட்ட கறுப்பினப் பெண்மணி ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆச் செய்யும்படி வேண்டினார். பெருமானார் (ஸல்) அவர்கள் முடிவை அவர் கையிலேயே கொடுத்தார்கள். பொறுத்துக்கொண்டால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன் என்ற கருத்தில் இரு வழிகளையும் அவர்முன் வைத்தார்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தார். பிறகு ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டார். வலிப்பு வந்து விழும்போது தம் ஆடை விலகிவிடுகிறது, அது நேராதிருக்கத் துஆச் செய்யுங்கள் என்றார். நாயகம் (ஸல்) அவர்கள் அப்படியே துஆச் செய்தார்கள்.

இந்த ஹதீதைக் காட்டி, மருந்தே வேண்டாம், பொறுமையே போதும் என்று சொல்லப் புறப்படுபவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். அந்தப் பெண்மணிக்குச் சொர்க்கத்தை வாக்களித்தவர்கள் அல்லாஹ்வின் தூதர். அந்த வாக்குறுதி நம்மிடம் இல்லை. அதே தூதர்தான் கிராமத்து அரபிகள் வந்து கேட்டபோது, மருந்து செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் மருந்து படைக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். நான் இந்த ஹதீதில் காண்பது அப்பெண்மணியின் இரண்டாவது வேண்டுகோளை. வலிப்பைக் கண்ட எவரும், கீழே விழுவதும் நுரை தள்ளுவதும்தான் அவருக்குப் பெரிய துன்பம் என்று நினைத்திருப்பார்கள். அவரைக் கேட்டால்தான் தெரிகிறது, அவரை உறுத்தியது ஆடை விலகுவது என்று.

மருந்துகளின் விஷயத்திலும் இப்படித்தான். லித்தியம் என்பது ஒருவகைத் தாது உப்பு. 1949இல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் அதை இந்நோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டு எழுதினார். இன்றும் அது முதல் வரிசை மருந்துகளில் ஒன்றாகவே இருக்கிறது. தற்கொலை எண்ணத்துக்கு ஆளானவர்களில் பலரைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் சிலருக்கு அது விரல்களில் மெல்லிய நடுக்கத்தைக் கொடுக்கும். கடைக்காரர் அதைப் பெரிதாக எண்ணமாட்டார். ஊசியில் நூல் கோக்க வேண்டிய தையற்காரருக்கு அது பிழைப்பு. வீட்டார், "கை கொஞ்சம் ஆடினால் என்ன, புத்தி நிலையாக இருக்கிறதே" என்பார்கள். அவரோ ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் மாத்திரையை நிறுத்திவிடுவார். திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்புவதுண்டு. முதலிலேயே கேட்டிருந்தால் டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்திருப்பார், அல்லது வேறு மருந்துக்கு மாற்றியிருப்பார்.

ஒலான்சபின் போன்றவை உடலைப் பருமனாக்கும், சர்க்கரையைக் கூட்டும். குவெட்டியபின் உறக்கத்தை மிகுவிக்கும். இரவு பத்து மணிக்கு விழுங்கியவரால் ஃபஜ்ருக்கு எழ முடியாமல் போகலாம். நாற்பது ஆண்டுகள் பாங்கு சொல்வதற்கு முன்பே விழித்துப் பழகிய ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை டாக்டர் எப்படி அறிவார்? சொன்னால் அறிவார். மாத்திரையை முன்னிரவில் கொடுப்பதும் அளவை மாற்றுவதும் அவரால் ஆகக்கூடிய காரியங்களே. உறையுள்ள மாத்திரைகளில் சேரும் ஜெலட்டின் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்ற ஐயம் சிலருக்கு உண்டு. அதே மருந்து உறையில்லாத மாத்திரையாகவும் பெரும்பாலும் கிடைக்கும். கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

பெண்களின் காரியத்தில் நாம் செய்யும் அலட்சியம் இன்னும் மோசமானது. வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள பிள்ளையைத் தாக்கக்கூடியது. அதை உண்ணும் தாய்க்குப் பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்று என்ற அளவுக்கு உடற்குறை காணப்படுகிறது. முதுகெலும்புக் குறைபாடு அவற்றுள் ஒன்று. பிள்ளையின் பிற்கால அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். ஆகவே பிள்ளை பெறும் வயதுள்ள பெண்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் நம் வீட்டுப் பெண் மருத்துவரிடம் போகும்போது அவளுக்காகப் பேசுபவர் யார்? கணவர் பேசுவார், மாமியார் பேசுவார். அடுத்த பிள்ளையைப் பற்றி அவள் என்ன நினைத்திருக்கிறாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும். டாக்டரிடம் அவள் தனியாக ஐந்து நிமிடம் பேசட்டும். பேச வாய்ப்பில்லாத பெண், கருவுற்றதும் பயந்து எல்லா மருந்தையும் ஒரே நாளில் நிறுத்திவிடுவாள். பிரசவத்துக்குப் பிந்திய வாரங்களோ இந்நோய் திரும்புவதற்கு மிகவும் வாய்ப்புள்ள காலம்.

இனி, கேட்டும் தீராத ஒரு சிக்கலுக்கு வருகிறேன். மருந்து வேலை செய்கிறது, நோய் அடங்கிவிட்டது, ஆனால் அவர் சொல்கிறார்: "முன்பு தஹஜ்ஜுதில் நின்றால் கண்ணீர் வரும். இப்பொழுது ஒன்றுமே வருவதில்லை. கல்லாகிவிட்டேன்." வீட்டார் இதைக் கேட்டால், அந்தக் கண்ணீரெல்லாம் நோய்தான் என்று வாயை அடைப்பார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த இரவுகளில் எது நோய், எது இறையச்சம் என்று பிரித்துக் காட்டும் தராசு டாக்டரிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. அதே சமயம், மனம் மேலேறத் தொடங்கும்போது வரும் இன்பம் அலாதியானது என்றும், அதை இழக்க மனமில்லாமல்தான் பலர் மருந்தை விடுகிறார்கள் என்றும் அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். இந்தக் குறையை டாக்டரிடம் அவரே எடுத்துச் சொல்ல வேண்டும். உணர்ச்சி மழுங்குவது மருந்தின் அளவு கூடியதாலும் இருக்கலாம், தாழ்வுநிலை இலேசாக எஞ்சியிருப்பதாலும் இருக்கலாம். இரண்டுக்கும் வழி உண்டு. அதற்குப் பிறகும் பழைய கண்ணீர் திரும்பாமல் போனால், அந்த இழப்பை இழப்பென்றே ஒப்புக்கொள்வோம். அவருக்குப் பதிலாக நாம் அதைச் சிறிதென்று சொல்லக் கூடாது.

ஆனால் அவர் விருப்பம் என்று சொல்லி எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. கீழே விழுந்த நாளில் அவர் சாவை விரும்புவார். அதற்கு நாம் உடன்படுவதா? உயிர் அவருடைய சொத்தன்று. நமக்கும் அதை விட்டுக்கொடுக்க உரிமை கிடையாது. அந்த நேரத்தில் அவரைத் தனியே விடாமல் இருப்பதும், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அகற்றுவதும், மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வைப்பதும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் கடமை. மேலேறிய நாளிலோ அவர் வீட்டை விற்கத் துணிவார். ஊருக்கெல்லாம் விருந்து வைப்பார். பள்ளிவாசலுக்கு மினாரா கட்டித் தருவதாக வாக்களித்து முன்பணமும் கொடுப்பார். வாங்கிக்கொள்ளும் நிர்வாகிகள் அவர் நிலையைத் தெரிந்தே வாங்கினால் அதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது? பொருளை நிர்வகிக்கத் தெரியாதவர் கையில் செல்வத்தை ஒப்படைக்க வேண்டாம் என்று திருமறையின் நான்காம் அத்தியாயம் ஐந்தாம் வசனம் தடுக்கிறது. அதே வசனம், அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, நல்ல வார்த்தையும் பேசும்படிச் சொல்கிறது. நம்மில் பலர் முதற்பகுதியை நிறைவேற்றுவதில் காட்டும் சுறுசுறுப்பைக் கடைசிப் பகுதியில் காட்டுவதில்லை. பணப்பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்ட தம்பி, அதன்பிறகு அண்ணனிடம் முகம் கொடுத்துப் பேசுவதே இல்லை.

வேகம் ஏறிய நிலையில் தலாக் சொல்லிவிட்டு, தெளிந்தபின் தலையில் அடித்துக்கொள்பவர்களும் உண்டு. பித்து நிலையில் சொன்ன தலாக் செல்லாது என்பது பொதுச் சட்டம். ஆனால் அந்த நேரத்தில் புத்தி எந்த அளவுக்கு மறைந்திருந்தது என்பதை ஆலிம்கள் தீர விசாரித்தே முடிவு சொல்ல முடியும். டாக்டரின் சீட்டும், அன்றைய நடத்தையைக் கண்ட சாட்சிகளும் அதற்கு உதவும். பக்கத்து வீட்டுக்காரர் தீர்ப்புச் சொல்லும் காரியமன்று அது.

இவ்வளவு இடர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. தெளிந்திருக்கும் நாளில் அவரே தம் விருப்பத்தை எழுதி வைப்பது. வஸிய்யத்து எழுதும் பழக்கம் உள்ள சமுதாயத்துக்கு இது புதுமையாகத் தோன்றக் கூடாது. இந்திய அரசின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் நிறைவேறி 2018இல் நடைமுறைக்கு வந்தது. நோய் முற்றி முடிவெடுக்க இயலாத நிலை வந்தால் தமக்கு எவ்விதச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை வயதுவந்த ஒவ்வொருவருக்கும் அது அளிக்கிறது. அந்த நேரத்தில் தம் சார்பில் பேச ஒருவரை அவரே நியமிக்கலாம். தெளிந்தவுடன் முடிவு மறுபடி அவர் கைக்கே வந்துவிடும். உயிருக்கு ஆபத்தான அவசர நேரத்துச் சிகிச்சையை அந்தக் காகிதம் தடுக்காது. எழுதியதைப் பின்பற்றக் கூடாதென்று வீட்டாரோ டாக்டரோ கருதினால், அதற்கென உள்ள மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிட வேண்டும். தாமாக மீறிவிட முடியாது. ஃபிக்ஹுகாரர்கள் இஃபாகா பற்றி எழுதியதற்கும் இந்தச் சட்டத்துக்கும் உள்ள நெருக்கத்தைக் கண்டு எனக்கே வியப்பாக இருந்தது.

அதில் என்ன எழுதுவது? பெரிய சட்ட மொழி வேண்டாம். முன்பு எந்த மருந்து ஒத்துக்கொண்டது, எது உடம்பைக் கெடுத்தது என்று எழுதலாம். நோய் வருவதற்கு முன் தம்மிடம் தோன்றும் அடையாளத்தை எழுதலாம். இரண்டு இரவு தொடர்ந்து உறங்காதிருப்பது பலருக்கு முதல் அடையாளம். எந்த மருத்துவமனை, உடன் யார் இருக்க வேண்டும், கடைச்சாவி யாரிடம், செக்குப் புத்தகம் யாரிடம், சின்னப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, தொழுகை நேரத்தை யார் நினைவூட்டுவது, தம் நிலையை எந்தச் சம்பந்தியிடம் சொல்லலாம், யாரிடம் சொல்லக் கூடாது என்றெல்லாம் எழுதலாம். சகோதரர்கள் பலர் உள்ள வீட்டில் பேசும் உரிமையைத் தம் மனைவிக்குக் கொடுக்க விரும்பினால், அதையும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த இரவில் அவள் குரல் எடுபடாது.

பெண் பேசும் நேரத்தில் நோயை மறைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சொல்லக் கூடாது என்று நோயாளி விரும்பினாலும், நிகாஹ் செய்துகொள்ளப் போகும் மறு தரப்புக்கு அதில் உரிமை இருக்கிறது. பித்தை நிகாஹை ரத்துச் செய்யக் கோருவதற்குரிய குறைகளில் ஒன்றாக ஷாஃபிஈ மத்ஹபு எண்ணுகிறது. இங்கே நோயாளியின் விருப்பத்துக்கு எல்லை உண்டு.

காகிதத்தில் பலர் முதலில் எழுத விரும்புவது ஒன்றே: என்னைக் கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களில் பலர் மகனையோ சகோதரியையோ குணமாக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் கடன்வாங்கி வந்தவர்கள்தாம். சங்கிலியிடுவதை மேற்சொன்ன சட்டம் எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது. துஆவுக்காகச் செல்வதும் மருந்து உண்பதும் ஒன்றையொன்று தடுப்பவை அல்ல. குஜராத்தில் உனாவா என்ற ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், துஆவுக்கு வருபவர்களை அங்கேயே மனநல டாக்டரிடமும் அனுப்பி வைக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். நோயாளி இரண்டையும் விரும்பினால் இரண்டையும் கொடுப்பதில் என்ன தடை?

ரமளானைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இந்நோய் உள்ள நம்மவர்கள் டாக்டரின் சொல்லை மீறுவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான். நோன்பு பிடிக்க வேண்டும் என்ற விருப்பத்தை டாக்டர் பிடிவாதம் என்று நினைக்கிறார். டாக்டர் வேண்டாம் என்பதை நோயாளி தீன் அறியாதவரின் பேச்சு என்று நினைக்கிறார். இருவரும் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் ஒரு வழி பிறக்கும்.

விஷயம் இதுதான். லித்தியம் இரத்தத்தில் ஒரு குறுகிய அளவுக்குள் நிற்க வேண்டிய மருந்து. லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகத் தொடங்கும். உடலில் தண்ணீரும் உப்பும் குறைந்தால், சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கை பலமாக நடுங்குதல், நடை தள்ளாடுதல், நாக்குக் குழறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். அவை கண்டால் நோன்பை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நம் ஊர்களில் நோன்பின் நேரம் ஏறத்தாழ 13, 14 மணி. கோடையில் வரும் ரமளானில், வெயிலில் நின்று வேலை செய்பவருக்கு உள்ள ஆபத்து, நிழலில் உட்கார்ந்திருக்கும் கணக்கப்பிள்ளைக்கு இருக்காது. நோன்பில் தலைவலி என்று இப்யூப்ரோஃபென் போன்ற வலிமாத்திரையை வாங்கிப் போட்டாலும் லித்தியத்தின் அளவு ஏறும். இதைப் பலர் அறியார்.

ஆராய்ச்சிகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. மொராக்கோவில் 20 நோயாளிகளைக் கவனித்து 2000இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரமளானில் நோய் திரும்பியது. லித்தியத்தின் அளவு அதற்குக் காரணமாகத் தெரியவில்லை. உறக்கமும் விழிப்பும் தலைகீழாவதையே அவ்வாய்வாளர்கள் சந்தேகித்தார்கள். பாகிஸ்தானில் 62 பேரைக் கவனித்து 2010இல் வெளியான ஆய்விலோ லித்தியத்தின் அளவிலும் தொல்லைகளிலும் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. ஆகவே எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. இவருக்கு எப்படி என்றுதான் பார்க்க வேண்டும்.

நோயாளிக்குத் திருமறை கொடுத்திருக்கும் சலுகை ஐயத்துக்கு இடமற்றது. இரண்டாம் அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் நோன்பை வேறு நாட்களுக்குத் தள்ளிவைக்கும் அனுமதியும், அல்லாஹ் நமக்கு இலேசையே நாடுகிறான் என்ற அறிவிப்பும் இருக்கின்றன. நோய் என்றால் கண்ணுக்குத் தெரியும் நோய் மட்டும் என்று அவ்வசனங்கள் சொல்லவில்லை. ஒரு பயணத்தில் தலையில் கல் பட்டுக் காயமடைந்தவர், குளிப்புக் கடமையானபோது தயம்மும் போதுமா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, சலுகை இல்லை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துவிட்டார். செய்தி எட்டியபோது, அப்படிச் சொன்னவர்களே அவரைக் கொன்றார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துரைத்தார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றும் கேட்டார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய், நோன்பு பிடிக்க என்ன கேடு?" என்று பள்ளிவாசல் திண்ணையில் கேட்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நோன்பை விடுவது சிலருக்குப் பெரும் துயரமாகவும் அவமானமாகவும் இருக்கிறது. வீடே ஸஹருக்கு எழும்போது தாம் மட்டும் படுத்திருப்பது தாழ்வுநிலையை இன்னும் ஆழமாக்கும். இதையும் டாக்டர் கணக்கில் எடுக்க வேண்டும். நிலையாக இருப்பவர், சிறுநீரகம் நன்றாக உள்ளவர், இரவில் ஒரு வேளை மட்டும் மருந்து உண்பவர் என்றால், இஃப்தாரிலிருந்து ஸஹர் வரை தண்ணீரைப் போதுமான அளவு குடித்து, உப்பைத் திடீரென்று குறைக்காமல், இடையில் ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்த்து நோன்பு நோற்க டாக்டர் அனுமதிக்கக்கூடும். தராவீஹுக்குப் பிறகு கடைவீதியில் சுற்றாமல் உறங்கப் போக வேண்டும் என்று நிபந்தனை போடுவார். உறக்கக் குறைவு இந்நோயை மேலேற்றிவிடும் என்பது டாக்டர்கள் நன்கு அறிந்த உண்மை. வீட்டார் அவரை ஸஹருக்குக் கடைசி நேரத்தில் எழுப்பி, உறங்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். அனுமதி கிடைக்காதவர் களாச் செய்வதா, நோய் தீராதது என்பதால் ஃபித்யாக் கொடுப்பதா என்பதைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் டாக்டரின் சீட்டோடு போய்க் கேட்டுக்கொள்ளட்டும். குளிர்காலத்தின் குறுகிய பகல்களில் களாச் செய்ய முடியுமா என்றும் டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

டாக்டர் பிற சமயத்தவராக இருந்தால் ஸஹர் முடியும் நேரம், இஃப்தார் நேரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ரஜப் பிறந்ததும் போய்விடுவது உத்தமம். மருந்தின் அளவை மாற்றினால் இரத்தத்தில் அது நிலைபெற ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதன்பிறகு, கடைசி வேளை மருந்து உண்டு பன்னிரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் இன்னொரு முறையும் மாற்ற வேண்டியிருக்கும். ஷஅபான் கடைசியில் போனால் இதற்கெல்லாம் நாள் போதாது.